தோளில் போட்டுக் காட்டிய சேலை

அன்று பட்டுப் பிரிவில் இருந்தவர்கள்: கல்லாவில் முதலாளி. பக்கத்தில் சூப்பர்வைசர் தனபால் சார். சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த ரேவதி. உடையார்பாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த கல்யாண வீட்டுப் பெண்கள். அவர்கள் நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. தூணோடு ஒட்டிக்கொண்டு கல்யாணப் பெண். கடைசியில் நான். என் இடம் அது இல்லை. மாடி குடோனிலிருந்து சேலைக் கட்டு இறக்க வந்தவள்.

1. குடோனுக்குப் போனது

என் பேர் மலர். ஐந்தாவது வரைதான் படித்தேன். முதலில் பெரம்பலூரில் ஒரு சின்ன ஜவுளிக் கடையில் வேலை. ரோட்டில் போகிற ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விற்பேன். வாய்தான் என் முதல். கல்யாணமாகி அரியலூர் வந்த பிறகு இந்தப் பெரிய கடையில் சேர்ந்தேன். தொண்ணூற்றேழு என்று நினைவு.

சேர்ந்த வாரமே ஒரு கருநீலச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டினேன். தனபால் சார் சேலையையும் என் கருப்பையும் பார்த்தார்.

"சேலை எங்க முடியுது, மலரு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலயே."

கடையே சிரித்தது. வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். மறுநாள் என்னைக் குடோனுக்கு அனுப்பினார். அங்கே மடிப்பு வேலை. ஆள் முகம் பார்க்க வேண்டியதில்லை. பேசவும் வேண்டியதில்லை. போகப் போக வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். "வாயக் கடையிலயே வச்சுப் பூட்டிட்டு வந்துடறியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சோற்றுத் தட்டோடு எழுந்துவிட்டேன்.

2. திரும்பி வந்த சேலைகள்

சேலையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. கொசுவம் பிடித்து, தோளில் போட்டு, முந்தியை முன்னால் விட்டுக் காட்ட வேண்டும். எங்கள் கடையில் அதற்கு ரேவதி. நல்ல சிவப்பு. எந்தக் கலரும் அவளுக்கு எடுக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்கிப் போவார்கள். சில நாளில் மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்பார்கள்.

"இங்க பாத்தப்ப நல்லாருந்துச்சு. வூட்ல கட்டுனா சாம்பல் பூசுன மாரி இருக்கு."

அந்தச் சேலையெல்லாம் மறுமடிப்புக்கு என்னிடம்தான் வரும். எல்லாம் வெளிறின கலர். வாங்கினவர்கள் என்னைப் போலக் கருப்பானவர்கள். ரேவதி தோளில் பார்த்ததை இவர்கள் தோளில் தேடினால் கிடைக்குமா? எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

3. முகூர்த்தப் பட்டு

"பொண்ணு நெறம் கம்மி. வெளிச்சமா எடுத்துப் போடுங்க" என்று அன்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ரேவதி சந்தனக் கலர் போட்டாள், ரோஸ் போட்டாள். எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். பெண் மட்டும் தலையைத் தூக்கவில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒங்க இஷ்டம் அத்த என்றது.

மற்ற சேலை என்றால் மாற்றிக்கொள்ளலாம். முகூர்த்தச் சேலையைக் கட்டிவிட்டால் அவ்வளவுதான். போட்டோவில் ஆயுசுக்கும் இருக்கும்.

என் கையில் இருந்த சேலைக் கட்டின் மேலே ஒரு மாம்பழ மஞ்சள் இருந்தது. அரக்கு பார்டர். கட்டைக் கீழே வைத்தேன். சேலையை உதறித் தோளில் போட்டேன். டியூப் லைட்டில் கலர் தெரியாது என்று வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன்.

"கண்ணு, இங்க பாரு."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தனபால் சார் திரும்பினார். "மலரு, கட்ட வச்சுட்டு மேல போ."

கால் கிளம்பத்தான் பார்த்தது. நான் விடவில்லை.

"போறேன் சார். பொண்ணு பாத்துச் சொல்லட்டும்."

பெண் எழுந்து வந்தது. என் கையோடு தன் கையை வைத்துப் பார்த்தது. ஒரே நிறம். முந்தியைத் தொட்டது.

"அத்த, எனக்கு இதான் வேணும்."

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்மாம் நேரம் எங்க வச்சிருந்தீங்க இத?"

"மாடியிலதாம்மா இருந்துச்சு. நானும் அங்கதான் இருந்தேன்."

ஜமக்காளமே சிரித்தது. இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதலாளி கல்லாவை விட்டு எழவில்லை. "தனபாலு, கட்டு எறக்க வேற ஆளப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார நேரமில்லை. பெண்ணின் அத்தைகள், சின்னம்மாக்கள், நாத்தனார் எல்லோருக்கும் என் தோளில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் அம்மாவும் என் நிறம்தான். தனக்கு ஒரு கரும்பச்சையைப் போட்டுக் காட்டச் சொன்னார், யார் காதிலும் விழாத மாதிரி. ரேவதி மடித்துக்கொண்டே, "தோள் வலி வுட்டுச்சுக்கா" என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருந்தது. போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் ரொம்ப நேரம் கேட்டார். "நாளைக்கு வாயக் கொஞ்சம் கடையில வச்சுட்டு வா" என்றார்.

அப்புறம் பட்டுப் பிரிவிலேயே இருந்தேன். புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். சேலையைப் போடும்போது தோளைக் குறுக்காதே. வாங்க வந்தவள் சேலையை மட்டும் பார்ப்பதில்லை.

அன்று என் தோளில் ஏறி அந்த வேனில் போன சேலை பத்தொன்பது.