சர்க்கரையைத் தேடிப் போகிறவர்

குந்தவை தன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அடுத்தவர் கையைத் தொடுவார். "ஜில்லுனு தொட்டா நரம்பு உள்ள ஓடிப்போயிடும்ங்க" என்பார். தஞ்சாவூரில் ஒரு நீரிழிவு ஆய்வுக்கூடத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் குளுக்கோஸ் பாக்கெட்டுகள்.

ஒல்லியான உடம்பு. அவருக்கே முப்பது வயதில் சர்க்கரை வந்துவிட்டது. "ஸ்வீட்டா தின்னுருப்பேன்னு ஊரே பேசுச்சு. தீபாவளிக்குக்கூட நான் தொடமாட்டேன்." அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் ஏராளமாகத் தெரிந்துவிட்டன. அவற்றில் பல உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதுதான் தெரியவில்லை. அதனால் அப்படியொரு மாற்றம் இருந்தும் இன்னும் நோய் வராதவர்களைத் தேடிப்பிடித்து, குளுக்கோஸ் குடிக்கவைத்து, கணையம் இன்சுலினை எவ்வளவு விரைவாகச் சுரக்கிறது என்று பார்க்கிறார்கள்.

திருவாரூர்ப் பக்கத்து விவசாயி பகலவன் அப்படி ஒருவர். முன்பு ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் அந்த மாற்றம் தெரிந்தது. ஆனால் கணவரைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்த அவர் தாய் அகிலாண்டம், குந்தவையை வாசலிலேயே மறித்தார். "நல்லா இருக்கற புள்ளைக்கு நோய ஒட்டவைக்காதீங்க."

திரும்பி வந்த குந்தவை, நடவு முடிந்ததும் மறுபடி போனார். அவரைப் பற்றி எழுத வந்த நானும் உடன் போனேன்.

"இதனால எம் புள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்றார் அகிலாண்டம்.

"இப்ப ஒண்ணும் கிடைக்காதுங்கம்மா. பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வயல்ல அவ்வளவு பாடுபட்ட உங்க வீட்டுக்காரருக்கு ஏன் வந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லல. இனிமே வர்றவங்களுக்காவது சொல்லணும்."

பகலவன் வெளியே வந்து உட்கார்ந்தார். "எடுங்கக்கா. காலையில இன்னும் எதுவும் சாப்பிடல."

குளுக்கோஸ் குடித்தபின் அரைமணிக்கு ஒருதரம் ரத்தம். கடைசித் தடவை நரம்பு அகப்படவில்லை; ஊசி நழுவியது. பகலவன் முகம் சுளித்தார். "போதும், விடுங்க" என்று அகிலாண்டம் எழுந்துவிட்டார். அந்த ரத்தம் இல்லாவிட்டால் காலையிலிருந்து எடுத்ததெல்லாம் வீண். குந்தவை ஊசியைக் கீழே வைத்தார். "நீங்க வேணாம்னா விட்டுடறேன். மனசு வச்சா இன்னும் ஒரே ஒரு தடவ." பகலவன் மறு கையை நீட்டினார். இம்முறை குழாயில் ரத்தம் ஏறியது.

பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி முடிக்கும்போது அகிலாண்டம் அருகில் வந்தார்.

"எனக்கு எடுக்க மாட்டீங்களா?"

"வெறும் வயித்தோடவா இருக்கீங்க?"

"புள்ள பட்டினியா உக்காந்திருக்கான். நான் எப்படித் திம்பேன்?"

குந்தவை கட்டை அவிழ்த்து, புது ஊசி ஒன்றைப் பிரித்தார்.