ரோலர் புரையில் ஒரு எம்.ஜி.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரசலையன் வீட்டு ரோலர் புரையில், அதாவது ரோலர் கொட்டகையில், ரப்பர் ஷீட் அடித்து மூன்று வருடம் ஆயிற்று. உறைந்த ரப்பர் பாலை அழுத்தித் தகடாக்கும் இரும்பு ரோலர்கள் இரண்டும் சுவரோடு ஒண்டிக் கிடந்தன. நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது கூரை மடக்கும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். அந்த இரண்டு பேரும் இறங்கித் தள்ளவும் செய்யலாம்.

ரசலையன் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கீரிப்பாறை எஸ்டேட் தடத்தில்தான் அவர் தலை நரைத்தது. வழியில் ஒரு பங்களாவின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். அறுபது பேரையும் அவர்களுடைய பலாப்பழத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவருக்கு அந்த மூக்கின் மேல் ஆசை வந்தது தப்பா? தப்பே இல்லை. ஓய்வுபெற்ற மாதமே பங்களாக்காரரிடம் பேசி, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மனைவி பூங்கனி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். தரைத்தகட்டு ஓட்டை வழியே மண் தெரிந்தது.

"இஞ்ச பாருங்க, இது வண்டியா, அரிப்பா?"

அரிப்பு என்றால் அந்தப் பக்கத்தில் சல்லடை. ரசலையனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசரவில்லை. பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்த அல்போன்ஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு துருவைச் சுரண்டினார், தகடு வெட்டி ஒட்டினார், எஞ்சினைப் பிரித்துப் பாயில் பரப்பினார். பூங்கனி பாவம், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் அண்ணன் வீட்டு ரோலருக்கு நடந்தாள். இந்த வருடம் மழை நின்றதும் மரங்களில் பால் கொட்டியது. அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு முன்ன இது தன்னால ஓடி சந்தி வரைக்கும் போயிட்டு வரணும். இல்லேன்னா கேட்டு வந்த ஆளுக்குக் குடுத்திரணும். சம்மதமா?"

ரசலையன் சம்மதித்தார். வேறு என்ன செய்வார்? கேட்டு வந்த ஆள் நெய்யாற்றின்கரை அனில்குமார், பழைய கார் வாங்கி விற்கிறவர். கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருகியதும் எஞ்சின் உறுமியது பாருங்கள்! பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அல்போன்ஸ் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை ஆகாசத்தில் எறிந்தார். ரசலையனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புகையினால் என்று சொல்லிச் சமாளித்தார். கியரைப் போட்டு வாசல் வரை உருட்டினார். இருமல் வந்தது. இன்னொரு இருமல். அவ்வளவுதான், வண்டி படுத்துவிட்டது. அப்புறம் என்ன திருகியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ரசலையன் கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, செத்த வீட்டுக்காரரைப் போல உட்கார்ந்திருந்தார். பால் வாளியோடு போன பூங்கனி நின்று எட்டிப் பார்த்தாள். அதில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்துக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரலோடு கூடவே நூல் நூலாகப் பசை இழுபட்டு வந்தது. மோந்து பார்த்தாள்.

"ஓட்டை அடைக்க உள்ள என்னத்த வெச்சிய?"

"மூடிக்கு அடியில உள்ள கார்க்கு பொடிஞ்சு போச்சுட்டி. அதான் நமக்க ஷீட்ல வளையம் வெட்டி வெச்சேன். டேங்க்கு வாயிலயும் வெச்சேன். ரப்பர் காட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வாஷருக்கு மார்த்தாண்டம் போகணுமாக்கும்?"

பூங்கனி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பங்சர் கடையில ஒட்டுகதுக்கு என்ன தேய்க்கான்? ரப்பரப் பெட்ரோல்ல போட்டுக் கரைச்சதாக்கும் அது. நீங்க காருக்குள்ள பங்சர் கடை வெச்சிருக்கிய!"

அல்போன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ரப்பர் வாசத்தில் வளர்ந்தவர்கள். இருந்தும் புத்தி வேலை செய்யவில்லை. வீட்டு ஷீட் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அடுத்த நிமிடமே அல்போன்ஸ் பைக்கில் மார்த்தாண்டம் பறந்து கார்க் தகடு வாங்கி வந்தார். ரசலையன் டேங்கைக் கவிழ்த்துக் கழுவினார். பூங்கனி பால் வாளியை மறந்து, பழைய சேலையைக் கிழித்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பசையை உருவினாள்.

மூடியைத் திருகி முடிப்பதற்கும், சுமைதூக்கும் ஆட்கள் நாலு பேரோடு அனில்குமாரின் லாரி வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. ரசலையன் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கர்த்தரைக் கூப்பிட்டுச் சாவியைத் திருகினார்.

உறுமியது. இருமவே இல்லை.

"ஏறு பிள்ளே!" என்று கத்தினார் ரசலையன். கதவைத் திறக்கத் தெரியாமல், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு மேலேயே காலைப் போட்டு உள்ளே விழுந்தாள் பூங்கனி. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. காற்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டது. சந்தியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். "சவுட்டுங்க! நல்லா சவுட்டுங்க!" என்று அவள் கூவினாள். ரசலையன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

திரும்பி வந்தபோது அனில்குமார் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஓடுற வண்டிக்கு, பேசினதைவிட நல்லாவே தரலாம் அண்ணாச்சி."

பந்தயத்தில் ஜெயித்தவர் ரசலையன்தான். 'தர முடியாது' என்று சொல்ல வாயெடுத்தார். பூங்கனியின் பால் வாளி தூணோரத்தில் அப்படியே இருந்தது. பால் வீணாக உறைந்து கட்டி தட்டிப்போயிருந்தது. அதை அவர் பார்த்தார். "அவகிட்ட கேளுங்க" என்று குனிந்துகொண்டார்.

பூங்கனி கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு சுமைதூக்கும் ஆட்களிடம் போனாள்.

"மக்கா, வந்ததுக்கு சும்மா போகாண்டாம். புரைக்குள்ள ரெண்டு ரோலர் கிடக்கு. தூக்கி அடுக்களைக்குப் பின்ன போட்டிட்டுப் போங்க, நான் அங்க ஷீட் அடிச்சுக்கிடுதேன். காருல கீறல் விழாம எடுக்கணும், கேட்டியளா?"