மரத்தடி ரேடியோ

“பால்காரன் நேத்து ஏங்க வரல?” என்று மரத்தைப் பார்த்துக் கேட்கிறாள். உச்சியிலிருந்து, “எனக்கென்ன தெரியும்?” என்று எரிச்சல் இறங்கி வருகிறது. பின்னாலேயே அரிவாள் சத்தம். அவள் முகம் தெளிகிறது. “குழாய் ஒழுகுதே, எப்பப் பாக்கப் போறீங்க?” என்று அடுத்ததை ஏவுகிறாள்.

காப்பித் தோட்டத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, வெறுங்கால். செடியின் கொப்பு ஒடியாமல் இருக்க வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பாள். கடைத்தெருவிலும் அந்த நடைதான். வழிவிடுகிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது.

காப்பிச் செடி காட்டு மரங்களுக்கு அடியில் வளர்ந்த ஜாதி. முழு வெயில் விழுந்தால் இலை கருகும். முழு நிழல் மூடினால் காய்க்காது. அதனால் மழைக்கு முன்னால் பெருமரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். ரேடியோ இதை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: “வெயிலும் வேணுமாம், சுடவும் கூடாதாம். எங்க மாமியாரே தேவல.”

கணவர் கணுக்களே படியான ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, கிளையில் கயிற்றைக் கட்டி, மேல் கவட்டை வழியாக மறுமுனையைக் கீழே விடுவார். அவள் அதைப் பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். அவர் வெட்ட, இவள் கயிற்றை விட்டு விட்டு இறக்க, செடிகளுக்கு நடுவில் கிளை வந்து படுக்கும்.

இந்த மனுஷி வாயை மூடவே மாட்டாளா என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் தெரியும், அவள் பேச்சு எல்லாமே கேள்வி. இரண்டு மாதமாகத்தான் இப்படி. ஒரு காலை படுக்கையை விட்டு எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்துவிட்டாள். “கால் மரத்துப்போச்சு” என்றார். மறுபடி ஒரு நாள், ஏணியின் பாதியில் மரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். கேட்டால் கோபம் வருகிறது. ஏறாதீங்க என்றால் இரட்டிப்புக் கோபம். அன்றிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டேதான் கயிறு பிடிக்கிறாள். “உம் கொட்டினா நம்ப மாட்டேன். வள்ளுன்னு விழுந்தாத்தான் ஆளு நல்லா இருக்காருன்னு அர்த்தம்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு நாலு மாடி உயரத்து மரம். கிளை பாதி வெட்டுப்பட்டு, கனம் கயிற்றில் ஏறியிருந்தது.

“மாப்பிள்ளை எப்ப வராராம்?”

“ஞாயித்துக்கிழமை. எத்தன தடவ கேப்ப?”

“கறி எடுக்கணுமா?”

பதில் இல்லை. வெட்டும் சத்தமும் இல்லை. அரிவாள் இலைகளைக் கிழித்துக்கொண்டு வந்து காப்பிச் செடிக்குள் விழுந்தது.

அவர் கண்களை மூடி மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கிளை முனகியது. ஓடிப் போய்த் தாங்கவேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் முடிச்சுப் போடக்கூடக் கயிற்றைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினால் கிளை அவர் முதுகில் சாயும். உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. அலறத் திறந்த வாயை மூடினாள். அப்புறம் குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் பேசினாள்.

“கண்ணத் தொறக்காதீங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். இடது கால இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், ஏணிக் கணு அதுதான். மிதிங்க. இப்ப வலது.”

கேள்வியே இல்லாத பேச்சு. ஒவ்வொரு கணுவாக அவரைத் தன் வாயாலேயே தரைக்கு இறக்கினாள். அவர் விலகி உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள். கிளை ஒருமுறை ஆடி நின்றது.

“கண்ணுல தூசி” என்றார்.

“ரெண்டு மாசமாவா?” என்றாள். அழுகை உடைந்துகொண்டு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சுத்துது. தரை மேல வர்ற மாதிரி இருக்கு” என்றார். முதல் தடவையாகச் சொன்னார்.

மேலே பாதி அறுந்த கிளை அப்படியே தொங்கியது. அடியில் ஆள் நடக்கிற பாதை. விட்டுவிட்டும் போக முடியாது. அவர் ஏணியைப் பார்த்தார். தரையில் கையை ஊன்றினார். அவள் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். செடிக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

“ஏய், உனக்கென்ன பைத்தியமா?” என்றார்.

அவள் திரும்பவில்லை. ஐந்தாறு கணு ஏறிவிட்டாள்.

அவர் தவழ்கிற மாதிரி பக்கத்து மரத்தை நெருங்கி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, குதிகால்களை மண்ணில் ஊன்றினார். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றின் கனத்தைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார்.