சிப்போரா தொட்ட முழங்கை

லெகாப் ஊர்ச் சிப்போரா பிறந்த ஆண்டு எந்தப் பதிவிலும் இல்லை. உத்தேசமாக 1946 என்று எழுதி வைத்தேன். பன்னிரண்டு வயதில் தாழை மரத்திலிருந்து விழுந்ததில் வலக்கை விளங்காமல் போனது. பெற்ற பிள்ளைகள் ஐந்து, தங்கியவை நான்கு. 1969 முதல் மாதம் ஒருமுறை ஆற்றைக் கடந்து எங்கள் ஒக்சப்மின் மருந்தகத்துக்கு வருவாள். ஊரில் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அவள் சொல்ல, நான் எழுதுவேன். ஒருமுறைகூட அவள் கணக்கு தப்பியதில்லை.

எங்கள் எண்ணிக்கை உடம்பில் இருக்கிறது. வலக்கைக் கட்டைவிரல் ஒன்று. விரல்களைத் தாண்டி மணிக்கட்டு ஆறு, முன்கை ஏழு, முழங்கை எட்டு. மேல்கை, தோள், கழுத்து, காது, கண் என்று ஏறினால் மூக்கு பதினான்கு. மறுபக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்து முழங்கை இருபது, சுண்டுவிரல் இருபத்தேழு. அதோடு ஓர் ஆள் முடிந்தது. கைமுட்டியை உயர்த்திவிட்டு அடுத்த ஆளைத் தொடங்குவோம்.

1987 செப்டம்பர் 14, திங்கட்கிழமை காலை, லெகாப்புக்கு மேலே மலை சரிந்தது. பிரம்புப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பதிவேட்டோடு கரைக்கு ஓடினேன். அதில் லெகாப்புக்கு நாற்பத்தேழு பெயர்கள். ஒன்று என் மகள் மிரியாம். அந்த ஊருக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தேன்.

அக்கரையில் மரங்களுக்கிடையே ஆட்கள் தெரிந்தார்கள், மறைந்தார்கள். வெள்ளத்தின் இரைச்சலில் குரல் எட்டவில்லை. சிப்போரா மட்டும் பாறைமேல் ஏறி நின்றாள். இடக்கை முட்டியை ஒருமுறை உயர்த்தினாள். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த வலக்கையின் முழங்கையைத் தொட்டாள்.

ஓர் ஆளும் எட்டும். முப்பத்தைந்து.

பன்னிரண்டு பேர் மண்ணுக்குள். 35 என்று எழுதி, கண்ணில் படாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். முதல் புள்ளி கோடாக இழுபட்டது.

என் தம்பி ஏனோக் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். மறுமுனையை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பன்னெண்டு பேரா? நல்லாப் பாத்தியாண்ணே?"

"வலது முழங்கை. கண்ணால பாத்தேன்."

அவன் இறங்கினான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. ஒருமுறை தலை முங்கி எழுந்தது. மகளை நினைப்பதா, தம்பியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

சிப்போரா வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசினாள். யாரும் நிற்காததைக் கண்டு, முதலிலிருந்து மெதுவாக எண்ண ஆரம்பித்தாள். முதலில் மடங்கியது இடக்கைக் கட்டைவிரல். மற்ற விரல்களை மடக்கி, மணிக்கட்டையும் முழங்கையையும் தொடையில் தட்டி, தோளுக்கு ஏறினாள். மூக்கைத் தாண்டி வலப்பக்கம் இறங்கினாள். நானும் கூடவே எண்ணினேன். அவள் கை வல முழங்கைக்கு வந்தபோது எனக்கு இருபது. ஓர் ஆளும் இருபதும், நாற்பத்தேழு.

"இழுங்கடா அவன. எல்லாரும் இருக்காங்க, இழுங்க."

உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தோம். ஏனோக் கரையில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான். "அடுத்த தடவ பதிவேட்டக் கட்டிக்கிட்டு நீயே எறங்கு" என்றான்.

பாலம் கட்டிய பிறகு சிப்போரா வந்தாள். வலக்கை எழும்பாததால் இடது முழங்கையை அவளால் தொட்டுக் காட்ட முடியாது. இடக்கையால் வலக்கை முழுவதையும் தொட முடியும். அதனால் சின்ன வயதிலிருந்தே இடப்பக்கம் தொடங்கி எண்ணுகிறாளாம். இருபது அவளுக்கு வலது முழங்கை, எங்களுக்கு இடது; வாயால் சொன்னால் இரண்டும் 'அந்தப் பக்கத்து முழங்கை'தானே.

"பதினெட்டு வருசமா எதுத்தாப்புல ஒக்காந்து சொல்றேன். ஒரு நாளாச்சும் நோட்டுலருந்து தலையத் தூக்குனீங்களாண்ணே?"

அவள் பெயருக்கு எதிரே 'இடப்பக்கம் தொடங்குபவர்' என்று எழுதினேன். 2009 ஜூனில் அவள் இறந்த தேதியும் அதே வரியில்தான் இருக்கிறது.

35ஐ நான் அழிக்கவில்லை. குறுக்கே கோடிட்டு மேலே 47 என்று எழுதினேன். பன்னிரண்டு புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. கோடாக இழுபட்ட முதல் புள்ளி மிரியாமின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது.