விரல் நீள அலுமினியக் குழாய்

இன்ஜின் மூச்சு இழுப்பதை நான் கண்ணால் பார்த்தது அருப்புக்கோட்டையில், ஒரு ஊதுவத்திப் புகையில். தொண்ணூறுகளின் தொடக்கம். நரிக்குடிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சம்பளம் கைக்கு வந்ததும் விருதுநகரில் செகண்ட்ஹேண்டில் ஒரு பைக் வாங்கியிருந்தேன்.

அந்த பைக் முந்தின வியாழக்கிழமை என் மானத்தை வாங்கிவிட்டது. நரிக்குடியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போட வேண்டும். மழை விழுந்து புதுப்புல் முளைத்ததும் வருகிற நோய் அது. ராத்திரி நன்றாக இருந்த ஆடு காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். அதுவும் கொழுத்த ஆடாகப் பார்த்து எடுக்கும். மழைக்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். மருந்தை அருப்புக்கோட்டையில் வாங்கி, ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்குப் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. மருந்து கெட்டுவிடக் கூடாதென்று வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். மறுநாள் சமாதானம் சொல்ல வெறுங்கையோடு போய் நின்றபோது மந்தைக்காரம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உச்சி வரைக்கும் ஆட்டப் பட்டியிலயே போட்டு வச்சிருந்தோம் தம்பி. அதுக கத்துன கத்து எங்களுக்குத்தான் தெரியும். வார வியாழக்கிழமை வரைக்கும் இருக்கோம். உச்சிக்குள்ள வந்தா போடுங்க. இல்லாட்டி வீரசோழன் பக்கம் கிடை போடப் போயிருவோம். அங்கிட்டு வந்து நீங்க எங்களத் தேடவா போறீக?"

அவர் சொன்னது உண்மைதான். நிலத்துக்கு எருவாகட்டும் என்று ஒரு காட்டில் ரெண்டு ராத்திரி, அடுத்த காட்டில் ரெண்டு ராத்திரி என்று நகர்ந்துகொண்டே இருக்கும் கிடையை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. மேற்கே மேகம் வேறு கூட ஆரம்பித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டியை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன்.

"ஏலே, ஆட்டு டாக்டரு. வண்டிக்கு என்ன செய்யுது?"

"ஆக்ஸிலேட்டர விட்டாலும் கத்துது. திடீர்னு அணைஞ்சும் போகுது."

"அப்ப எங்கயோ திருட்டுக் காத்தக் குடிக்குது," என்றவன் பக்கத்து மளிகைக் கடையை எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, ஒரு பத்தி குடுங்க."

கடைக்காரர் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சு, செவ்வாக்கிழமை பத்தியா? ஒங்க பாஸ்டருக்குத் தெரியுமா?"

"எனக்கில்ல அண்ணாச்சி, வண்டிக்கு. அது இன்னும் ஞானஸ்நானம் வாங்கல."

பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று துடைத்துப் பார்த்து, டேங்க்கின் குழாயை மூடினான். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலிலேயே இன்ஜினை ஓடவிட்டான். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பத்தியை ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்க ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் உண்டு, விரல் நீளம்தான் இருக்கும். மேனிஃபோல்டு என்பார்கள். பெட்ரோலும் காற்றும் கலந்து அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, அவன் கை அந்தக் குழாயை நெருங்கியதும் வளைந்தது. நூல் மாதிரி மெலிந்து, குழாயின் அடிப்பக்கத்துக்குள் போய் மறைந்தது. அங்கே ஓட்டை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. புகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. குனிந்தவன் நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூடுலே வாய. புகை அங்கிட்டு வந்துரப் போகுது."

கழற்றி வெயிலில் வளைத்துக் காட்டினான். தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். கம்பெனிக் குழாய் டவுனில் எங்கும் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு பட்டறையில் வார்த்த அலுமினியக் குழாய் அவனிடம் இருந்தது.

"பிளாஸ்டிக்கு எதுக்குலே? கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்துல போட்டது. இது ஒம் மக கல்யாணம் வரைக்கும் வரும்."

"எனக்கே இன்னும் ஆகல."

"அதுக்கும் சேத்துத்தான்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குடம் வெயிலில் வெடிக்கும், பித்தளைக் குடம் அடகுக்குப் போய்த் திரும்பி வரும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளைப் போட்டு, குழாயின் முகத்தை எட்டுப் போடுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். நிரவல் சரியாக வந்ததும் அதில் எங்கள் இருவர் முகமும் மங்கலாகத் தெரிந்தது. மாட்டி உதைத்தான். ஒரே உதையில் இன்ஜின் பிடித்து, வயிறு நிறைந்த பசுவைப்போல நிதானமாக முனகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மருந்தும் ஐஸுமாகக் கிளம்பினேன். வண்டி பறந்தது. திருச்சுழிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிழல் இல்லாத இடம். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கூட்ஸ் ஒன்று ஊர்ந்து போனது. கேட் திறந்ததும் உதைத்தேன். பிடிக்கவில்லை. பத்து முறை உதைத்தும் பிடிக்கவில்லை. விரிசல் விழுந்துவிட்டதோ என்று புதுக் குழாயைத் தொட்டேன். சுரீரென்று விரல் கொப்பளித்தது. கார்புரேட்டரும் தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே ஒரு முணுமுணுப்பு, உலை கொதிப்பதற்கு முன் வருகிற சத்தம். பெட்ரோல் கொதித்துக்கொண்டிருந்தது.

உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது. பத்தாவது பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். இன்ஜின் சூட்டைக் கார்புரேட்டருக்குப் போகவிடாமல் அந்த அற்பக் கறுப்புக் குழாய் இத்தனை நாளும் மறித்து நின்றிருக்கிறது. அதை யாரோ ஒருவர், எந்த ஊரிலோ உட்கார்ந்து, இந்த வெயிலையும் யோசித்து வைத்திருக்கிறார். உச்சி நெருங்கும் நேரத்தில், கையில் மருந்தோடு நிற்கிறவனுக்கு மலைப்பு வரக்கூடாது. வந்தது.

"என்ன தம்பி, வண்டியோட ரகசியம் பேசுறீக?" என்றார் கேட் கீப்பர்.

டப்பாவைத் திறந்தேன். ஐஸை எடுத்தால் மருந்து கெடும், எடுக்காவிட்டால் வண்டி நகராது. ஒரு கட்டியை எடுத்து மறுபடி உள்ளேயே வைத்தேன். பிறகுதான் அடியில் உருகிக் கிடந்த தண்ணீர் கண்ணில் பட்டது. ஐஸ் கட்டிகள் விழாமல் சாய்த்து, அந்தத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கார்புரேட்டரைச் சுற்றிக் கட்டினேன். ஆவி எழுந்தது. துண்டு காயக் காய மறுபடி நனைத்தேன். முணுமுணுப்பு அடங்கும் வரை பொறுத்து உதைத்தேன்; மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது.

பின்னொரு நாள் மெக்கானிக் பழைய சுவிட்ச் பலகை ஒன்றிலிருந்து சூடு கடத்தாத தடித்த பேக்லைட் துண்டை அறுத்து, அந்தக் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு தொந்தரவில்லை. "கம்பெனிக்காரன் யோசிச்சுத்தான் வச்சிருக்கான்லே," என்று ரொம்ப நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தான். இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன் என்றேன். "எழுதுன கையத்தான் சுட்டிருக்கு," என்றான்.

அந்த வியாழக்கிழமை மிச்ச வழி முழுவதும் இன்ஜினை அணைக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது உச்சி தாண்டிவிட்டது. பட்டிப் படல் பாதி திறந்திருந்தது. மந்தையை நடத்திப் போகும் முன்னாடி ஆடுகள் வெளியே வந்துவிட்டன. சட்டி பானை கட்டிய மூட்டையோடு மந்தைக்காரம்மா நின்றிருந்தார்.

"நேரமாயிருச்சு தம்பி."

"கால் மணி நேரந்தாம்மா."

"அதுகளுக்கு ஏது கடியாரம்?"

சொல்லிக்கொண்டே மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கம்பை நீட்டி ஒரு குரல் கொடுத்தார். வெளியே வந்த ஆடுகள் அப்படியே திரும்பின. டப்பாவில் ஐஸ் எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. மருந்துக் குப்பி குளிர்ச்சி குறையாமல் இருந்தது. அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்தக் குளிர்ச்சியில் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார்.

அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, கொப்பளித்த விரலை மடக்கிக்கொண்டு நான் ஊசி போட்டேன். கடைசிக் குட்டி முடியும்போது எங்கள் நிழல் நீண்டிருந்தது. அவர் மூட்டையைத் தலையில் ஏற்றினார். மந்தை வீரசோழன் பாதையில் இறங்கியது.

"அடுத்த வருசம் கொஞ்சம் வெள்ளன வாங்க," என்றார், திரும்பாமலே.