புஷ்பத்தின் பிள்ளைக் காம்பராவில் அழுகை கிடையாது

பிள்ளைக் காம்பராவில் நனைகிற துணிகளையெல்லாம் துவைக்கிற வேலை புஷ்பத்தினுடையது. இரத்தினபுரியில் பயிற்சி கொடுத்தவர்கள் அவளைச் 'சிறுவர் பராமரிப்பு உத்தியோகத்தர்' என்று சொல்லிச் சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். உத்தியோகத்தர் ஆன பிறகும் மூத்திரத் துணி மூத்திரத் துணியாகவே இருந்தது. மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குந்தி, சவர்க்காரத்தை மிச்சம்பிடித்து, கல்லில் அடித்து அலசி, வேலிக் கம்பியில் விரித்துவிட்டு வருவாள். அதற்குள் தொட்டிலில் கிடக்கிறவை இன்னொரு சுற்றுத் துணியை நனைத்து வைத்திருக்கும்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் புஷ்பத்திடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவளும் ஒரு காலத்தில் கூடை சுமந்தவள்தான். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு பெரிய கிளாக்கரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆயா வேலையை வாங்கினாள். ஆள் அகலம். அதைவிடக் குரல் அகலம். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே தூக்குவாள், தூக்கிக்கொண்டே திட்டுவாள். பிள்ளைகளுக்கும் அது தாலாட்டு மாதிரிப் பழகிப்போயிருந்தது.

பிள்ளைக் காம்பராவுக்கு அடிக்கடி விசிட்டர் வருவார்கள். தோட்டத்தை நடத்தும் பெரியதுரை, தோட்டத்து டாக்டர், நலன்புரி மிஸ், எப்போதாவது கமராவோடு ஒரு வெள்ளைக்காரி. முதல் நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே செய்தி கசிந்துவிடும். உடனே புஷ்பம் காரியத்தில் இறங்குவாள். தரை சாணியும் டெட்டோலும் கலந்து மணக்கும். பிள்ளைகளின் தலைகளில் எண்ணெய் வழியும். அழுகுணிகளெல்லாம் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கின் பிள்ளைக் காம்பராவுக்கு நாடு கடத்தப்படுவார்கள். அவர்களுக்குப் பதிலாக அங்கிருந்து சாதுவான பிள்ளைகள் இரண்டு இரவலாக வந்து சேரும். அந்த அழுகுணிகளுக்குத் தலைவன் தனுஷன். தாய் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாலே, போகப்போகிறாள் என்று கண்டுபிடித்து ஊளையிடுவான்.

கடைசி ஆயுதம் உருண்டை. கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவில் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். தாய் வாசலைத் தாண்டும் சமயம் பார்த்துப் பிள்ளையின் வாயில் ஒன்றைத் தள்ளுவாள். வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு அழ எந்தப் பிள்ளையாலும் முடியாது. விசிட்டர் புன்னகையோடு தலையாட்டிவிட்டுப் போவார். தோட்டத்து மானம் காப்பாற்றப்பட்டுவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அவள் மகள் ஷாமிளா வந்து விழுந்தாள்.

ஷாமிளா கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் படித்தாள். கடைசி வருடத்தில் எல்லாரும் ஓர் ஆராய்ச்சி செய்து, அதைத் துறையின் ஆய்வுக் கருத்தரங்கில் விரிவுரையாளர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு விடுமுறையில் அவள் கொப்பியும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, கொஞ்ச நாளைக்கு ஒங்க புள்ளக் காம்பராவப் பாக்கப் போறேன். ஜன்னலுக்கு வெளிய நிப்பேன். நான் இருக்கிறதா நெனைக்காத."

"என்னத்தடி பாக்கப் போற?"

"அத மட்டும் சொல்லக் கூடாதாம். சார் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு."

சொல்லாவிட்டால் என்ன, புஷ்பத்துக்கா தெரியாது? காம்பராவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள், பிள்ளைகள் அழாமல் இருக்கின்றனவா என்று. தான் பெற்ற மகளே ஆனாலும் கையில் பேனாவோடு வந்தால் அவள் விசிட்டர். அதுவும் சொந்த மகளின் பரீட்சை வேறு! தனுஷனும் கூட்டாளிகளும் அன்றைக்கே கீழ்க்கணக்குக்குப் போனார்கள். ஷாமிளா நின்றிருந்த காலம் முழுக்கப் பிள்ளைக் காம்பராவில் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான். உருண்டை கொடுப்பது ஜன்னல் வழியாகத் தெரியவே இல்லை. புஷ்பத்தின் முதுகு அவ்வளவு அகலம்.

கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னதாக ஷாமிளா வீட்டுக்கு வந்தாள். லியனகே சார், அவளுடைய மேற்பார்வையாளர், "அந்த ஆயா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, நான் பார்க்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினாள். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"ஒரு புள்ளகூட அழல. தாய் வெளிய போறப்ப எல்லாப் புள்ளையும் சந்தோஷமா ஆயாகிட்ட ஓடுதுங்க. எங்கயுமே இப்பிடி ஒரு முடிவு வந்ததில்லையாம். லியனகே சார் ஆடிப்போயிட்டாரு."

"பின்ன! நம்ம காம்பரான்னா சும்மாவா?" என்றாள் புஷ்பம். "அழாததுக்கு எம்புட்டு மார்க்கு?"

"அழாததுக்கு மார்க்கு இல்லம்மா. தாய் அறைய விட்டுப் போறப்ப புள்ள அழுதா எவ்வளவு நேரம் அழுவுது, யாரு தூக்குனா நிப்பாட்டுது, அம்மா திரும்பி வந்தா என்ன பண்ணுது, இதத்தான் பாக்கிறது. அழுகைதான் ஆராய்ச்சியே."

கீரைத் தண்டு புஷ்பத்தின் கையிலேயே நின்றது.

"இது நல்லபடியா முடிஞ்சா டிப்பார்ட்மெண்ட்லயே வேல தர்றேன்னு சொல்லியிருக்காரும்மா. மொதல்ல ஒரு வருஷத்துக்கு. அப்புறம் நிரந்தரமா."

புஷ்பம் கீரையை அப்படியே போட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். அங்கே அவள் புருஷன் ஏழுமலை தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா, பேயறஞ்ச மாதிரி வர்ற?"

அவள் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஏழுமலைக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடிப் பாவி! மகளு பரீட்சைக்கு நீ பிட்டு எழுதிக் குடுத்திருக்க. அதுவும் தப்பான பிட்டு."

"சிரிக்காதீங்க. இப்பவே சொல்லிப்புடவா?"

"இப்பச் சொன்னா அவ அழுவா. அந்த அழுகைய உருண்ட குடுத்து நிப்பாட்ட முடியாது. பேசாம போயி குந்திட்டு வா. வெள்ளைச் சேலையக் கட்டிட்டுப் போயி வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

புஷ்பத்தின் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருப்பது என்பது அதற்குமுன் நடந்ததில்லை. ஆனாலும் சரி என்றாள். புறப்படும் நாள் வெள்ளன எழுந்து, மகளின் விடுதிச் சிநேகிதிகளுக்கென்று உருண்டை பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போவது எப்படி?

கருத்தரங்கு அறையில் மேசை முளைத்த கதிரைகள் வரிசையாக இருந்தன. மாணவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். புஷ்பத்தைக் கதவோரக் கதிரையில் உட்கார வைத்தார்கள். ஷாமிளா இங்கிலீசில் பேசினாள். புஷ்பத்துக்கு 'மதர்', 'பேபி', 'ஆயா' மூன்றும் விளங்கின. நடுவில் சுவரில் ஷாமிளா ஜன்னல் வழியாக எடுத்த ஒரு படம் விழுந்தது. பிள்ளைக் காம்பரா. படத்தில் முக்கால்வாசி புஷ்பத்தின் முதுகு, உள்ளதைவிட நாலு மடங்கு பெரிதாக. அவள் தன்னையறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

லியனகே சார் முன்வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரைக்கு இன்னொரு விரிவுரையாளரான மர்லியா மிஸ் பிந்தி வந்தார். கருத்தரங்கில் மிஸ் கேள்வி கேட்டால் பிள்ளைகள் அன்றிரவு சாப்பிட மாட்டார்கள் என்று ஷாமிளா பஸ்ஸில் சொல்லியிருந்தாள். மிஸ்ஸின் மகன் ஹில்மிக்கு இரண்டு வயது. அன்று பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவனைத் துறையின் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பேச்சு முடிந்தது. மர்லியா மிஸ் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். வாயைத் திறக்கப் போகிற நேரம் வெளியே கூடத்தில் "உம்மா!" என்று ஓர் அலறல் கிளம்பியது. தனுஷனே கேட்டால் குருவாக ஏற்றுக்கொள்ளக்கூடிய அலறல். தூங்கியவர்கள் விழித்தார்கள். லியனகே சார் முகத்தைச் சுளித்தார். மிஸ் ஒரு கால் கதவுப் பக்கமும் ஒரு கால் கேள்விப் பக்கமுமாக நின்றார்.

புஷ்பம் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பாள். கால் தானாக எழுந்தது. கூடத்தில் ஹில்மி தரையில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். கந்தோர்ப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அடேய் குண்டா, என்னாடா இந்தப் போடு போடுற! தொண்ட என்னத்துக்கு ஆவும்?"

திட்டிக்கொண்டே தூக்கினாள். கைப்பை திறந்தது. உருண்டை வாய்க்குள் போனது. அலறல் குழாயை மூடினாற்போல நின்றது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மர்லியா மிஸ் மகனின் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். புஷ்பத்தின் மடியிலிருந்த லஞ்ச் ஷீட்டைப் பார்த்தார். கடைசியாகச் சுவரில் இன்னும் நின்றுகொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தார்.

"அம்மா, ஒங்கட கையில இருக்கிறது என்ன?" என்றார் தமிழில்.

"திரிபோஷா மிஸ். சீனி போட்டது. வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது."

"தோட்டத்துலயும் இதத்தான் குடுக்கிறதா?"

புஷ்பம் மகளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சாட்சி மடியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறதே! இருப்பதில் நல்ல பதிலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

"ஐயோ, தெனமும் இல்ல மிஸ். யாராச்சும் பாக்க வந்தா மட்டுந்தான்."

மிஸ் அதைச் சிங்களத்தில் எல்லாருக்கும் சொன்னார். அறை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. லியனகே சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஷாமிளா மேடையில் இருப்பதை மறந்துபோனாள். "அம்மா, அப்ப நான் வந்த நேரம் தனுஷன் எங்க இருந்தான்? வீட்டுல காய்ச்சல்னு சொன்னியே?"

"கீழ்க்கணக்குல."

"தொட்டில்ல கெடந்த அந்த ரெண்டு சாதுப் புள்ளைங்க?"

"அதுங்களா?" புஷ்பத்தின் குரல் முதல்முறையாக ஒடுங்கியது. "அதுங்க இரவலுடி."

மிஸ் அதையும் சிங்களத்தில் சொன்னார், இந்த முறை சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஷாமிளா காகிதங்களை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தான் பார்த்தது பிள்ளைகளை அல்ல, ஒரு தோட்டம் விசிட்டருக்குத் தயாராகிற விதத்தை என்று மெதுவாகச் சொன்னாள். எடுத்த முடிவு செல்லாது. திரும்பப் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும், இந்த முறை அம்மாவிடம் சொல்லாமல்.

"நான் கேக்க இருந்த கேள்விய ஒங்கட அம்மாவே முடிச்சிட்டாங்க," என்றார் மர்லியா மிஸ்.

லியனகே சார் கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பார்த்து எழுதிக் கொண்டு வரட்டும். அது ஒழுங்காக இருந்தால் வேலையைப் பற்றிப் பேசலாம் என்றார். அவருடைய பூரிப்பில் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி கந்தோரில் தேத்தண்ணீர் குடிக்கும்போது குறைந்தது. மிஸ் மகனை வாங்கக் கையை நீட்டினார். ஹில்மியோ புஷ்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னோர் உருண்டை கேட்டான். உம்மாவிடம் போகவே மாட்டேன் என்றுவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். புஷ்பம் இரண்டு தடவை கொய்யாப்பழம் வாங்கி நீட்டினாள். இரண்டு தடவையும் அது அவள் மடிக்கே திரும்பி வந்தது. எஹெலியகொடைக்குக் கிட்ட வரும்போது ஷாமிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று புஷ்பம் பதறிப்போய்த் தோளைத் தொட்டாள்.

"இரவலாம்ல," என்றாள் ஷாமிளா, கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே. "புள்ளைய இரவல் வாங்கியிருக்கியேம்மா."

ஆனாலும் அது சிரித்து முடிந்துவிடுகிற காரியம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் புஷ்பம் வீட்டுக்குள் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்து வாளியில் அடுக்கினாள். ஷாமிளா திரும்பிப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வர்ற நாள் ஒனக்குத் தெரியாது. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா ஜன்னலுக்குத்தான் வருவேன்."

"வா."

"தனுஷன் இருக்கணும்."

"இருப்பான். அவன் எங்க போயிறப் போறான்?"

"உருண்ட கூடாது."

புஷ்பம் ஒரு துணியை விரித்து, திரும்ப மடித்தாள். "ம்" என்ற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"நீ தூக்கு, திட்டு, என்னாத்தயாச்சும் பண்ணு. ஆனா தாய் வெளிய போறப்ப அதுங்க அழுதா அழட்டும். வாய அடைக்காத. இந்தத் தடவயும் கெட்டுப்போனா எனக்கு வேலயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அடுத்த லயத்து வீடொன்றிலிருந்து ஒரு பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. யாரென்று சொல்ல வேண்டியதில்லை. தாய் தண்ணீருக்குப் போயிருப்பாள். புஷ்பத்தின் கை துணியில் இருந்தது, காது அங்கே போய்விட்டது.

"யாரு வந்து பாத்தாலும் அழ விட்டுருவியாம்மா?"

புஷ்பம் எழுந்தாள். சுவர் ராக்கையிலிருந்த திரிபோஷா பாக்கெட்டை எடுத்து, வாளிக்குள் மடித்த துணிகளுக்கு மேலே வைத்தாள். வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அம்மா, ஒன்னத்தான் கேக்கிறேன்."

தலையைக் குனிந்து வாசல் நிலையைத் தாண்டி, அழுகை வந்த பக்கமாக அவள் வெளியே போய்விட்டாள்.