உலைக் கதவில் ஒரு நீலக் கண்ணாடி

உள்ளங்கை அளவு நீலக் கண்ணாடி. சுற்றிலும் தகரச் சட்டம், பிடிக்க ஒரு குட்டைக் கைப்பிடி. எங்கள் பாய்லர் ஆபரேட்டர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எலப்புள்ளியிலிருந்து சைக்கிளில் வருவார். அதன் வழியாகப் பார்த்தால் கண் கூசாமல் தீ தெரியும். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் வருடக்கணக்காகத் தீயைக் கவனித்தவர் அவர். கணினித் திரையை மட்டுமே நம்பிய எனக்கு அந்தக் கண்ணாடி மேல் கொஞ்சம் இளக்காரம்தான்.

எங்கள் சோதனை உலையில் நிலக்கரி காற்றில் எரிவதில்லை. ஆக்சிஜனோடு, வெளியேறும் புகையிலேயே ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவோம். நைட்ரஜன் இல்லாததால் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயு. அதை வானத்துக்கு விடாமல் அப்படியே பிடித்து அடைத்துவிடலாம். ஈரம் நீங்கிய புகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது கரியமில வாயு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் உலையைப் பிரித்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அது என் மூன்று வருட உழைப்பு.

முதல் நாளே தீ மங்கி, பர்னரை விட்டுத் தள்ளிப்போய் எரிந்தது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அவர்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தீக்கு மூச்சுப் பத்தலீங்க மேடம். ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏத்திப் பாக்கலாமுங்களா?" என்றார். கரியமில வாயு நைட்ரஜனை விட அதிகச் சூட்டைக் குடிக்கும். அதற்காக நான் கூட்டி வைத்திருந்த ஆக்சிஜன் போதவில்லை. ஏற்றியதும் தீ நிமிர்ந்தது.

ஆனால் கரியமில வாயு எண்பதைத் தாண்டவே இல்லை. ஏறுகிற கோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொப்பென்று விழும். வெளிக்காற்று எங்காவது உள்ளே கசிகிறதோ என்று இணைப்பு இணைப்பாக ஊதுபத்தி காட்டிப் பார்த்தோம். புகை எங்கேயும் உள்ளே இழுபடவில்லை. ஒருநாள் கோடு விழுந்த அதே நொடியில் எழுந்து ஓடினேன். உலைக் கதவிலுள்ள பார்வைத் துளையின் மூடியைத் திறந்துவைத்து, கண்ணாடியைப் பிடித்தபடி அவர் நிதானமாகத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீ வெளியே பாயாதிருக்க உலைக்குள் எப்போதும் லேசான உறிஞ்சல் உண்டு. மூடி திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது.

"நீங்கதான் எல்லாத்தையும் கெடுத்தேள்! இனிமே அந்த மூடியைத் தொடாதேங்கோ!" கோபத்தில் என் வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிட்டது.

"ஏனுங்க, பாக்காம எப்படிங்க தீயை நம்பி உடறது?" என்றார். அதுவும் நியாயம்தான். திட்டியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் உலையை அணைத்துவிட்டு, துளையில் ஒரு சாண் குழாயை வெல்டிங் செய்தார். கைப்பிடியிலிருந்து தன் கண்ணாடியைக் கழற்றி, குழாயின் சூடேறாத நுனியில் பொருத்தி, சூடு தாங்கும் கயிறு சுற்றி இறுக்கினார். வேறு கண்ணாடி வரவழைக்கலாமே என்றேன். "அது வர்றதுக்குள்ள உலையப் பிரிச்சுப்போடுவாங்க" என்றார்.

மறுபடி பற்றவைத்த அன்று கோடு விழவில்லை. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். எல்லோரும் திரையை மொய்த்தார்கள். அவர் மட்டும் குழாயில் கண் வைத்தபடி, "நிக்குதுங்க மேடம், ஜம்முனு நிக்குதுங்க!" என்று கூவினார்.

உலையைப் பிரிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பக்கத்திலேயே அதைவிடப் பெரிய உலை ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது. நீலக் கண்ணாடி பழைய கதவிலேயே இருக்கிறது. காலையில் திரையைப் போடுவதற்கு முன் நான் குனிந்து அதில் கண் வைக்கிறேன். தீ ஜம்மென்று நிற்கிறது.